மனச்சிதைவு நோய்: உடற்கூறும் வாழ்க்கை நெருக்கடியும்

மனச்சிதைவு நோய் மூளையின் வளர்ச்சியையும் செயல்பாட்டையும் பாதிக்கும் நோய். யாரும் பேசாதபோது குரல்கள் கேட்பது, தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள் அல்லது உணவில் நஞ்சு கலக்கிறார்கள் என்று அசைக்க முடியாதபடி நம்புவது, பேச்சு கோவையிழப்பது ஆகியவை இதன் வெளிப்படையான அறிகுறிகள். இவற்றைவிட மெதுவாக வந்து நீண்ட காலம் தங்குபவையும் உண்டு. எதிலும் நாட்டமின்மை, பேச்சு சுருங்குதல், குளிப்பதிலும் உடுத்துவதிலும் அக்கறை போதல், கவனமும் நினைவாற்றலும் மங்குதல் ஆகியவை அவை. ஒருவருக்குள் இரண்டு ஆளுமைகள் இருப்பதாகத் திரைப்படங்கள் காட்டும் நிலைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை.

பெரும்பாலோருக்கு இது 15 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. பெண்களைவிட ஆண்களுக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயதுவந்தோரில் ஏறத்தாழ 1.4 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சிதைவுக்கோ அதையொத்த தீவிர மனநோய்க்கோ ஆளாகியிருந்தனர். ஆய்வு நடந்த காலத்தில் நோயுடன் இருந்தவர்கள் சுமார் 0.4 சதவீதம். அவர்களில் நால்வரில் மூவருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி 21 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் திண்டுக்கல் மாவட்டத்துக்கு இந்த விகிதத்தைப் பொருத்தினால், எந்த நேரத்திலும் சில ஆயிரம் குடும்பங்கள் இந்த நோயோடு வாழ்கின்றன என்று கொள்ளலாம்.

நோய்ச்சாய்வும் நெருக்கடியும்

நோய் வந்த வீட்டில் பொதுவாக இரண்டு விளக்கங்கள் கேட்கின்றன. "அவர்கள் வம்சத்திலேயே இருக்கிறது" என்பது ஒன்று. "பயந்த கோளாறு", "செய்வினை", "பரீட்சையில் தோற்றதிலிருந்து இப்படி", "அந்தக் கல்யாணம் முறிந்ததிலிருந்து இப்படி" என்று ஒரு நிகழ்ச்சியைச் சுட்டுவது மற்றொன்று. மருத்துவ உலகமும் நெடுங்காலம் இப்படித்தான் இரு அணிகளாக நின்றது. ஜெர்மனியின் எமில் கிரேப்பலின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோயை மூளை சார்ந்த சிதைவாக வகைப்படுத்தினார். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர்கள் பலர் தாயின் வளர்ப்பு முறையையே காரணமாக்கினர். அந்தக் கருத்துக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் அது நோயாளிகளின் தாய்மார்கள்மீது ஏற்றிய பழி பல பத்தாண்டுகள் நீடித்தது.

1962இல் உளவியலாளர் பால் மீல், நோய்க்கு இடங்கொடுக்கும் நரம்பு மண்டல அமைப்பு மரபாக வருகிறது என்றும், அது நோயாக முற்றுவதா என்பதை வாழ்க்கை அனுபவங்கள் முடிவு செய்கின்றன என்றும் எழுதினார். 1977இல் ஜோசப் ஸூபினும் போனி ஸ்பிரிங்கும் இக்கருத்தை ஒரு முழு மாதிரியாக வளர்த்தெடுத்தனர். அவர்கள் கூற்றுப்படி ஒவ்வொருவருக்கும் இந்நோய்க்கான சாய்வு ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. அந்தச் சாய்வும் வாழ்க்கையில் வரும் நெருக்கடியும் சேர்ந்து ஓர் எல்லையைத் தாண்டும்போது நோய் வெளிப்படுகிறது. கண்மாய்க் கரை உடைவதைப்போல் இதை எண்ணிப் பார்க்கலாம். கரை தாழ்ந்திருந்தால் நடுத்தர மழைக்கே உடையும். உயர்ந்திருந்தால் பெருமழையையும் தாங்கும். நெருக்கடி தணிந்ததும் நோயும் தணியலாம் என்பதும் இந்த மாதிரியிலிருந்து கிடைக்கும் முடிவு. மனச்சிதைவு தவறாமல் முற்றிக்கொண்டே போகும் என்ற கிரேப்பலின் காலத்து அவநம்பிக்கையை அது அசைத்தது.

மரபு வழியாக வருவது

பொதுமக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்தை ஒட்டியும், இருவருக்கும் இருந்தால் நாற்பதை ஒட்டியும் உயர்கிறது. இரட்டையர் ஆய்வுகள் இன்னும் தெளிவானவை. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது, ஆய்வுக்கு ஆய்வு மாறுபட்டாலும், மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரை. இரு கருமுட்டை இரட்டையரில் இது வெகுவாகக் குறைவு. மரபின் கை வலுவானது என்பதற்கு இது சான்று. அதே மரபணுக்களைச் சுமக்கும் மற்ற இரட்டையர்களில் பாதிப்பேராவது நோயின்றி வாழ்வது, மரபு தனியே நின்று நோயை உண்டாக்குவதில்லை என்பதற்குச் சான்று.

நோய்க்கென்று ஒற்றை மரபணு கிடையாது. 2014இல் பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பு ஒன்று மனச்சிதைவோடு தொடர்புடைய 108 மரபணுப் பகுதிகளை அறிவித்தது. 2022இல் அந்த எண்ணிக்கை 287 ஆக உயர்ந்தது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. நூற்றுக்கணக்கானவை கூடித்தான் சாய்வை உண்டாக்குகின்றன. அரிதாக, 22ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு இல்லாமல் பிறப்பது போன்ற பெரிய மாற்றங்களும் உண்டு. அப்படிப் பிறந்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத் தீவிர மனநோய் வருகிறது.

இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். அந்தக் குறையை ஓரளவு நிரப்பியது தமிழ்நாட்டில் நடந்த ஒரு முயற்சி. சென்னையிலுள்ள மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையான ஸ்கார்ஃப், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களுடன் சேர்ந்து நோயாளிகளிடமும் குடும்பத்தினரிடமும் பல ஆண்டுகள் இரத்த மாதிரிகளைத் திரட்டியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தொகுதியை அலசி 2019இல் 'ஜாமா சைக்கியாட்ரி' இதழில் வெளியான முடிவு, 8ஆம் குரோமோசோமில் நியாசின் என்னும் பி3 வைட்டமினை உடல் பயன்படுத்த உதவும் ஒரு மரபணுவைச் சுட்டியது. அந்த வைட்டமின் பற்றாக்குறையால் வரும் பெலாக்ரா நோயில் மனக்குழப்பமும் ஓர் அறிகுறி என்பது முன்பே தெரிந்ததுதான். உணவிலிருந்து வரும் ஒரு பொருளைக் கையாளும் மரபணு நோயோடு தொடர்புபட்டிருப்பது, உடற்கூறையும் சூழலையும் தனித்தனி அறைகளில் வைத்து ஆராய முடியாது என்பதை நினைவூட்டுகிறது.

தமிழ்நாட்டில் அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பது இன்றும் பரவலாக உள்ளது. 2019-21இன் தேசிய குடும்பநல ஆய்வு, மாநிலத் திருமணங்களில் கால்பங்குக்கு மேல் உறவுக்குள் நடந்தவை என்று காட்டியது. எகிப்தின் நைல் கழிமுகப் பகுதியில் நடந்து 2010இல் வெளியான ஆய்வொன்றில், நோயாளிகளின் பெற்றோர் உறவுக்குள் மணந்திருப்பது மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. ஒரு குடும்பத்தில் ஏற்கெனவே நோய் இருக்கும்போது, அதே குடும்பத்துக்குள் மணம் முடிப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அறிவுடைமை.

கருவறை முதல் இளமை வரை

சாய்வு மரபணுவோடு முடிந்துவிடுவதில்லை. கருவில் மூளை உருவாகும் மாதங்களில் நேரும் பாதிப்பும் அதைக் கூட்டுகிறது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி போரால் பட்டினியில் வாடியது. அந்தப் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கருவானவர்களிடம் பிற்காலத்தில் மனச்சிதைவு இரு மடங்காக இருந்தது. சீனாவின் 1959-61 பெரும்பஞ்சத்தில் உருவான பிள்ளைகளிடமும் ஏறக்குறைய அதே இரு மடங்கு உயர்வு காணப்பட்டது. கர்ப்பகாலத் தொற்று, தாயின் இரத்தசோகை, பேறுகாலத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறல் ஆகியவையும் ஆபத்தைச் சற்றுக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இரத்தசோகை இருப்பதால் இந்தச் செய்தி இங்கே கூடுதல் கனம் பெறுகிறது.

கருவில் தொடங்கிய பாதிப்பு ஏன் 20 வயதில் வெளிப்படுகிறது? பதின்ம வயதில் மூளை தனக்குத் தேவையற்ற நரம்பிணைப்புகளைக் கழித்துவிடுகிறது. திட்டமிடுதல், முடிவெடுத்தல் போன்ற பணிகளுக்கான முன்மூளை கடைசியாக முதிர்கிறது. நோய்ச்சாய்வு உள்ளவர்களிடம் இந்தக் கழிப்பு அளவு மீறிப் போகிறது என்பது இன்றைய வலுவான கருத்துகளில் ஒன்று. நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த சி4 என்னும் மரபணுவின் சில வடிவங்கள் இதற்குத் துணைபோகின்றன என்று 2016இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. படிப்பு, வேலை, காதல், திருமணம் என வாழ்க்கையின் பெரிய திருப்பங்கள் அனைத்தும் மூளை இந்த இறுதிச் சீரமைப்பில் இருக்கும் அதே ஆண்டுகளில் வந்து சேர்கின்றன.

சூழலின் பங்கு

சிறுவயதில் அடி உதை, பாலியல் வன்முறை, புறக்கணிப்பு, பெற்றோர் இழப்பு ஆகியவற்றுக்கு ஆளானவர்களிடம் பிற்காலத் தீவிர மனநோய் ஏறத்தாழ மூன்று மடங்கு காணப்படுவதாக 2012இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று கண்டது. குடிபெயர்தலும் நெடுங்காலமாக அறியப்பட்ட காரணி. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குடியேறிய நார்வேக்காரர்களிடம் இந்நோய் அதிகம் என்று 1932இலேயே பதிவானது. பிரிட்டனில் குடியேறிய கரீபிய, ஆப்பிரிக்கக் குடும்பங்களில் அது பல மடங்கு அதிகம். அந்நியமாக நடத்தப்படுவதும் ஒதுக்கப்படுவதும் அதற்குரிய முக்கிய விளக்கங்கள்.

கஞ்சாவின் பங்கு இன்னும் நேரடியானது. 1987இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு, படைக்குச் சேர்க்கப்பட்ட சுமார் 45,000 இளைஞர்களைப் பின்தொடர்ந்தது. 18 வயதுக்குள் மிகுதியாகக் கஞ்சா புகைத்தவர்களிடம் மனச்சிதைவு ஆறு மடங்கு இருந்தது. அன்றாடம் வீரியமிக்க கஞ்சா பயன்படுத்துவோருக்குத் தீவிர மனநோய் வரும் ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வு கண்டது. கஞ்சா புகைப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை. ஏற்கெனவே சாய்வு உள்ள இளைஞருக்கு அது கடைசித் தள்ளலாகிறது.

மேலைநாடுகளில் நிலைநாட்டப்பட்ட எல்லாமே இங்கே அப்படியே பொருந்துவதில்லை. பெருநகரத்தில் பிறந்து வளர்வது ஆபத்தைக் கூட்டுகிறது என்று டென்மார்க் முதலிய நாடுகளில் உறுதியாகக் காணப்பட்டது. ஆனால் குறைந்த, நடுத்தர வருமான நாடுகள் 42இன் தரவுகளை ஆராய்ந்த 2018 ஆய்வில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. நகரம் என்ற ஊர்வகையைவிட, அங்கே ஒருவர் எவ்வளவு தனித்துவிடப்படுகிறார் என்பதே முக்கியம் போலும்.

இரண்டும் சந்திக்கும் இடம்

சாய்வும் சூழலும் தனித்தனியாகக் கூட்டப்படுபவையா, அல்லது ஒன்று மற்றொன்றைப் பெருக்குகிறதா? ஃபின்லாந்தில் பெக்கா டியெனாரி நடத்திய தத்தெடுப்பு ஆய்வு இதற்கு விடை தேடியது. மனச்சிதைவு உள்ள தாய்மார்களுக்குப் பிறந்து வேறு குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகளையும், நோயில்லாத தாய்மார்களுக்குப் பிறந்து தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளையும் அது பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 2004இல் வெளியான முடிவின்படி, மரபுச் சாய்வு இருந்தும் இணக்கமான வீட்டில் வளர்ந்தவர்களில் 5.8 சதவீதத்தினரே மனச்சிதைவு வகைக் கோளாறுகளுக்கு ஆளாயினர். அதே சாய்வோடு பூசல் மிகுந்த வீட்டில் வளர்ந்தவர்களில் அது 36.8 சதவீதம். சாய்வு இல்லாத பிள்ளைகளுக்கோ வீட்டின் தன்மையால் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை. சாய்வு உள்ளவரைத்தான் சூழல் இந்த அளவுக்கு அசைத்தது.

உடலுக்குள் இது நடக்கும் வழியும் ஓரளவு புலப்பட்டுள்ளது. நெருக்கடி வரும்போது கார்டிசால் என்னும் ஹார்மோன் சுரக்கிறது; மூளையின் ஆழ்பகுதியில் டோபமைன் வெளியீடு கூடுகிறது. எது முக்கியம், எதைக் கவனிக்க வேண்டும் என்று மனத்துக்குக் குறிகாட்டுவது டோபமைனின் வேலைகளில் ஒன்று. அது அளவு மீறும்போது பக்கத்து வீட்டுச் சிரிப்பும் சாலையில் நிற்கும் வண்டியும் தனக்கான செய்திகளாகத் தோன்றத் தொடங்குகின்றன. திரும்பத் திரும்ப நெருக்கடிக்கு ஆளான மூளை அடுத்த முறை சிறு தூண்டலுக்கே பெரிதாக எதிர்வினை காட்டுகிறது. 1950களில் வந்த குளோர்புரோமசின் முதல் இன்றைய மருந்துகள் வரை பெரும்பாலானவை டோபமைனின் செயலைக் கட்டுப்படுத்தியே குரல்களையும் பிரமைகளையும் தணிக்கின்றன.

தமிழ்நாட்டில் நோயின் போக்கு

நோய் வந்தபின் அது எப்படிச் செல்லும் என்பதையும் இவ்விரண்டே தீர்மானிக்கின்றன. உலகிலேயே நீண்ட காலத் தொடராய்வுகளில் ஒன்று சென்னையில் நடந்தது. 1981-82இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவுக்கு முதல்முறை நோயோடு வந்த 90 பேரை ராஜ்குமார், தாரா ஆகிய மருத்துவர்கள் பின்தொடரத் தொடங்கினர். பத்தாண்டு முடிவில் பின்தொடர முடிந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோயின் போக்கு நல்லதாக இருந்தது. இடையிடையே நோய் தலைகாட்டினாலும், நடுவே நலமாக இருந்த காலங்கள் நீண்டிருந்தன.

இந்தியா போன்ற நாடுகளில் முடிவு சிறப்பாக இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வுகளும் 1970கள் முதல் சொல்லிவந்தன. நோயாளியின் இறப்பையும் சிகிச்சையின்மையையும் இந்த ஆய்வுகள் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை என்ற மறுப்பும் பின்னர் எழுந்தது. இருப்பினும் குடும்பச் சூழலின் ஆற்றலை மறுக்க முடியாது. 1976இல் லண்டனில் வெளியான ஆய்வில், ஓயாத குறைகூறலும் அளவு மீறிய தலையீடும் உள்ள வீடுகளுக்குத் திரும்பியவர்களில் 51 சதவீதத்தினருக்கு ஒன்பது மாதத்தில் நோய் மீண்டது. அமைதியான வீடுகளில் அது 13 சதவீதம். பின்னர் சண்டிகரில் நடந்த ஆய்வில் இத்தகைய குறைகூறல் லண்டனைவிடக் குறைவாகக் காணப்பட்டது.

குடும்பத்தின், குறிப்பாகக் கூட்டுக்குடும்பத்தின், ஆதரவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1998இல் வெளியான ஒரு சென்னை ஆய்வு, நகர மக்களிடையே கண்டறியப்பட்ட நோயாளிகளில் நால்வரில் ஒருவருக்கும் மேற்பட்டோர் ஒருநாள்கூட சிகிச்சை பெறவில்லை என்று காட்டியது. அவர்களில் பலர் கூட்டுக்குடும்பத்தினர். நோயாளியைச் சுமந்து காக்கும் அதே வீடு மருத்துவமனைப் பயணத்தையும் தள்ளிப்போட்டது.

சூழல் மட்டும் மாறினாலே அறிகுறி குறையுமா என்பதற்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கோயிலொன்றிலிருந்து ஒரு சான்று கிடைத்தது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் 2000ஆம் ஆண்டு தங்கியிருந்த 31 பேரை நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு. கோயிலில் மருந்தும் இல்லை, தனிச் சடங்கும் இல்லை. பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகளே. சராசரியாக ஆறு வாரத் தங்கலில் அவர்களுடைய அறிகுறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தன. இம்முடிவு 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு இது. ஆயினும் மிரட்டலற்ற இடமும் செய்ய ஒரு வேலையும் நோயைத் தணிக்க உதவுகின்றன என்ற செய்தி மதிக்கத்தக்கது.

இந்தச் சான்றைக் காட்டி மருந்தைக் கைவிடுவது ஆபத்து. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் விடுதியொன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் உயிரிழந்தனர். வழிபாட்டிடம் தேடி வந்தவர்களை அடைத்துவைத்த சூழலின் விளைவு அது. கருணையுள்ள சூழலும் முறையான மருத்துவமும் இணையும்போதுதான் பயன் முழுமையாகிறது.

திண்டுக்கல் சமவெளியில்

நோய் தலைகாட்டும் வயதில் திண்டுக்கல் சுற்றுவட்டார இளைஞர்களின் வாழ்க்கையும் தலைகீழாக மாறுகிறது. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் விடுதியில் தங்கி ஷிஃப்ட் முறையில் வேலை செய்யும் இளம்பெண்கள், திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலை தேடிப் போகும் பையன்கள், தோல் பதனிடும் தொழிலிலும் பூட்டுப் பட்டறைகளிலும் கூலி நிச்சயமில்லாத குடும்பங்கள், மழை பொய்த்து ஆழ்துளைக் கிணறும் வற்றிக் கடனில் நிற்கும் தோட்டக்காரர்கள் எனச் சமவெளியின் நெருக்கடிகள் பலவகை. இவற்றுள் எந்தத் தொழிலும் மனச்சிதைவைத் தருவதில்லை. இவற்றில் இருப்போரில் மிகப் பெரும்பாலோருக்கு அது வருவதுமில்லை. தூக்கம் குலைவதும், ஊரையும் உறவையும் விட்டுத் தனித்திருப்பதும், கடன் அவமானமும் சாய்வு உள்ள ஒருவரை எல்லைக்கு அருகே கொண்டுவரக்கூடும். குடும்பத்தில் நோய் உள்ள பிள்ளை இரவு வேலைக்கோ தொலைவிடத்துக்கோ போகும்போது வீட்டார் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது இதனால்தான்.

"ஒரு கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கை நெருக்கடியைக் கூட்டும் இன்னொரு வழி. நோயை மறைத்து முடித்த மணம் முறியும்போது, பெரும்பாலும் பெண்ணே நோயோடும் பிள்ளையோடும் தாய்வீட்டுக்குத் திரும்புகிறார். கணவர்களால் கைவிடப்பட்ட பெண் நோயாளிகளின் துயரத்தைச் சென்னை ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்துள்ளனர்.

தடுப்பும் பராமரிப்பும்

மரபை மாற்ற இயலாது. மற்றவற்றில் பல மனிதர் கைக்கு எட்டக்கூடியவை. கர்ப்பிணிக்கு இரும்புச்சத்தும் நல்ல பேறுகாலக் கவனிப்பும், பிள்ளைகளுக்கு வன்முறையற்ற வீடும் பள்ளியும், இளைஞர்களிடம் கஞ்சா சேராமல் காப்பது ஆகியவை முதல்நிலைத் தடுப்பு. குடும்பத்தில் நோய் இருந்தால் இவை இன்னும் அவசியம்.

அடுத்தது காலம். படிப்பு திடீரெனச் சரிவது, அறைக்குள் ஒடுங்குவது, இரவில் தூங்காமல் தனக்குள் பேசுவது, காரணமில்லாத சந்தேகம் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் மந்திரிப்புக்காகக் காத்திராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிகிச்சையில்லாமல் கழியும் காலம் நீள நீள மீட்சி கடினமாகிறது. அரசு மருத்துவமனைகளிலும் மாவட்ட மனநலத் திட்டத்திலும் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. 2022இல் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவத்தை இன்னும் அருகில் கொண்டுவந்துள்ளது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். சிகிச்சையை ஓர் உரிமையாக 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அறிவித்துள்ளது. நோயாளியைச் சங்கிலியிடுவதையும் அது தடைசெய்கிறது.

மருந்து சாய்வைத் தாங்கிப் பிடிக்க, வீடும் ஊரும் நெருக்கடியைக் குறைக்க வேண்டும். கோவா, சாத்தாரா, காஞ்சிபுரம் ஆகிய மூன்று இடங்களில் நடந்து 2014இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று குடும்பத்துக்கு வழிகாட்டியபோது நோயாளிகளின் அறிகுறிகளும் முடக்கமும் மேலும் குறைந்தன. அவர்கள் பெரிய பட்டம் பெற்றவர்கள் அல்லர். மருந்தைத் தவறாமல் எடுக்கச் சொல்வதும், குறைகூறலைக் குறைக்க வீட்டாருக்குக் கற்றுத்தருவதும், நோயாளிக்குத் தாங்கக்கூடிய ஒரு வேலையைத் தேடித்தருவதுமே அவர்கள் பணி. இந்நோய் யாருடைய பாவத்தாலும் வருவதில்லை, வளர்ப்பால் மட்டுமே வருவதுமில்லை என்று அறிந்த குடும்பம் பழியிலிருந்து விடுபடுகிறது. நோயின் போக்கில் ஒரு பகுதி தன் கையில் இருக்கிறது என்று அறிந்த குடும்பம் செயலில் இறங்குகிறது. சாய்வும் நெருக்கடியும் சேர்ந்தே நோயை உண்டாக்குகின்றன என்ற அறிவு, பழியிலிருந்து விடுதலையையும் செயலில் இறங்கும் ஊக்கத்தையும் குடும்பத்துக்குத் தருகிறது.